விளக்கெண்ணெய் வாசமும் 37 அங்குலமும்

பொழுதுபோக்குக்காகக் கட்டிப் பறக்கவிடும் குட்டி மாடல் விமானம், அதிலும் பழையது ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது அதன் மூக்கை முகர்ந்து பார்ப்பதுதான். என் மனைவிக்கு இது சகிக்காது. "நாய்க்குட்டியா அது, மோந்து பாக்கறதுக்கு" என்பாள். ஆனால் அந்த மூக்கில் நிறைய விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்துக் குட்டி என்ஜின்கள் குடித்த எரிபொருள் மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், அப்புறம் தாராளமாக விளக்கெண்ணெய். ஆமாம், ஆடி மாதம் பேதிக்குக் கொடுக்கிறேன் என்று பாட்டி துரத்திக்கொண்டு வருவாரே, அதே எண்ணெய். மெத்தனால் எப்போதோ ஆவியாகிப் போயிருக்கும், எண்ணெய் மட்டும் விமானம் கட்டும் பால்சா என்ற லேசான மரத்துக்குள் இறங்கி ஐம்பது அறுபது வருஷம் ஆனாலும் பிசுபிசுவென்று பழுப்பாக உட்கார்ந்திருக்கும். பிரிட்டனிலிருந்து வந்த பழைய மாடல் என்றால் அதில் மண்ணெண்ணெய் வாடையும் கலந்திருக்கும், ஏனென்றால் அங்கே குட்டி டீசல் என்ஜின்கள்தான் வெகுகாலம் ஓடின, அவற்றுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சேர்த்த கலவை. மூக்கில் ஒரு வாசமும் இல்லை, மரம் வெள்ளையாக இருக்கிறது என்றால் அந்த விமானம் ஒருநாளும் பறந்ததில்லை, யாரோ கட்டி முடித்துப் பயந்துபோய் மாட்டி வைத்துவிட்டார் என்று அர்த்தம். அப்படி நிறைய உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இண்டியானாவில் இருக்கிறோம். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், மகள் இருக்கும் ஊருக்கே போய்விடலாம் என்று வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்க மைதானத்தில் ஃபோம் விமானம் விடுவதைப் பார்த்திருக்கிறார் போல. ஒருநாள் கதவைத் தட்டி, பரணிலிருந்து இறக்கிய மூன்று அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன, அதில் என் முதல் விமானமும் இருக்கிறது, ஃபால்கன் 56, எது என்று எனக்கே தெரியவில்லை, கண்டுபிடித்துக் கொடுக்க முடியுமா என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் என்சிசி ஏர் விங்கில் இருந்தபோது கம்பியில் கட்டிச் சுற்றவிடும் மாடல்களுக்காக பால்சா வெட்டி விரலையும் வெட்டிக்கொண்டவன் நான், அந்தத் தைரியம்தான்.

பெட்டிகளைத் திறந்தால் உடல் இல்லாத இறக்கைகள், இறக்கை இல்லாத உடல்கள், இரண்டு வால்கள், ஒரு ஷூ பெட்டி நிறைய சக்கரமும் கம்பியும். எலி வேறு புகுந்து ஒரு இறக்கையின் ஓரத்தைப் பதம் பார்த்திருந்தது. கிட், அதாவது நாமே ஒட்டிக் கட்டிக்கொள்ள வெட்டிய பாகங்களாகக் கடையில் விற்கும் செட், அது வந்த பெட்டி ஒன்றுகூட இல்லை.

பெட்டி இருந்தால் வேலை பாதி முடிந்தது. பெயர் தெரிந்துவிடும் என்பதைவிட, அதில் அச்சடித்த முகவரிதான் எனக்கு முக்கியம். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் கோடு 1963 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பு பெரிய ஊர்களுக்கு ஊர்ப் பெயரை ஒட்டி ஒன்றிரண்டு இலக்கத்தில் வட்டார எண் போடுவார்கள், நம் ஊரில் 'சென்னை-17' என்று எழுதுவது மாதிரி. அப்படி எண் இருந்தால் அச்சடித்தது அனேகமாக 1963-க்கு முன்பு. பார்கோடு இருந்தால் 1974-க்குப் பிறகு, அந்த வருஷம் ஜூன் மாதம்தான் கடையில் முதல் பார்கோடைப் படித்தார்கள். பிரிட்டிஷ் பெட்டி என்றால் விலையைப் பார்க்க வேண்டும். ஷில்லிங்கும் பழைய பென்ஸும் போட்டிருந்தால் 1971 பிப்ரவரி 15-க்கு முந்தையது. லண்டனில் இருக்கும் என் நண்பன் ஒருவன் கீல் கிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஜூனியர் 60 பெட்டி ஒன்றின் படத்தை அனுப்பி, எந்த வருஷத்துச் சரக்கு என்று கேட்டான். அந்த கிட் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு வந்தது, பிறகு வேறு ஆட்களும் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள், பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூலையில் இருந்த ஷில்லிங் விலைதான் காப்பாற்றியது. ஜெர்மனியின் கிராப்னர் கம்பெனிப் பெட்டி என்றால் இன்னும் சுலபம். முகவரியில் அவர்களுடைய கிர்ஹைம் ஊருக்கு முன்னால் தபால் எண் நான்கு இலக்கத்தில் இருந்தால் 1993-க்கு முன்பு, ஐந்து இலக்கம் இருந்தால் பின்பு. தபால்காரர்கள் புண்ணியத்தில் எங்கள் பொழுதுபோக்கு நடக்கிறது.

பெட்டி இல்லையென்றால் மரத்தைத்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். பெயிண்டைப் பார்ப்பார்கள், ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள், ஜன்னல் வடிவத்தைப் பார்ப்பார்கள். இவை எல்லாம் கட்டியவர் செய்த அலங்காரம். கிட்டில் சொன்னபடியே கட்டிய மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஒருவர் இறக்கை முனையை வட்டமாக்குவார், இன்னொருவர் மூக்குச் சக்கரத்தைப் பின்னால் கொண்டுபோய் வாலில் வைப்பார், மூன்றாமவர் மரத்தில் மோதி உடைந்த வாலுக்குப் பதில் தன் இஷ்டத்துக்கு ஒன்றை வெட்டி ஒட்டுவார். ஆனால் உள்ளே இருக்கும் ரிப்பை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு மாதிரியான துண்டுகளை, யாரும் மாற்றுவதில்லை. ஒரு இறக்கையில் எத்தனை ரிப், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, இறக்கையின் நீளத்துக்கு ஓடும் ஸ்பார் கட்டைக்கு எங்கே பள்ளம் விட்டிருக்கிறது, இதுதான் விமானத்தின் கைரேகை.

வெட்டிய விதமும் காலத்தைச் சொல்லும். பழைய கிட்டுகளில் பலகையின் மேல் அச்சுக் கத்தியை வைத்து அழுத்தி வெட்டுவார்கள், டை-கட் என்று பெயர். கத்தி புதிதாக இருந்தவரைக்கும் நன்றாக வெட்டும், மழுங்கிவிட்டால் வெட்டாது, நசுக்கும். அதனால் ரிப்பின் ஓரம் ஒருபக்கம் அமுங்கி, நார் நாராக இருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். அதே பலகையில் பகுதி எண்ணையும் அச்சடித்திருப்பார்கள், மேலே போர்த்திய கவரிங் கிழிந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் சில சமயம் ஒரு எழுத்தும் எண்ணும் கண்ணில் படும், அன்றைக்கு எனக்கு தீபாவளி. ஓரம் கருகிப் பழுப்பாக, கோடு போட்டது போல நேராக இருந்தால் லேசர், அனேகமாக 1990-களுக்குப் பிறகு. ஓரத்தில் பென்சில் கோடு, மூலைகளில் கத்தி கொஞ்சம் தாண்டிப் போன கீறல் என்று இருந்தால் அது கிட் விமானமே இல்லை. பத்திரிகையில் வந்த படத்தை கார்பன் பேப்பர் வைத்துப் பிரதி எடுத்து யாரோ சமையலறை மேசையில் வெட்டியது. அதற்குப் பெட்டியும் இருந்திருக்காது, தேடிப் பயனில்லை.

மேலே போர்த்தியிருப்பது பட்டுத்துணியும் அதன்மேல் பூசும் டோப் என்ற வார்னிஷும் என்றால் பழசு என்று சொல்வார்கள். இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் மோனோகோட் பிளாஸ்டிக் தாள் 1960-களிலேயே வந்துவிட்டது. ஆனால் பட்டுதான் போடுவேன் என்று அடம்பிடித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாறாக, 1950-களின் விமானத்துக்கு 1980-களில் புதுச்சட்டை போட்டிருப்பதும் சகஜம்.

பெரியவரின் முதல் பெட்டியில் இருந்த பெரிய உடலைப் பார்த்ததும் அவர், "இது அக்லி ஸ்டிக்" என்றார். இதை நான் எதிர்பார்த்தேன். சதுரப் பெட்டி மாதிரி உடல், ஒரே அகலத்தில் போகும் இறக்கை, இப்படி எதைக் காட்டினாலும் அமெரிக்காவில் அக்லி ஸ்டிக் என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் எந்த நகலெடுக்கும் இயந்திரமானாலும் ஜெராக்ஸ் என்பது மாதிரி. ஒரிஜினலை 1960-களில் வடிவமைத்தவர் ஃபில் கிராஃப்ட். ரேடியோ கண்ட்ரோல் கருவிகள் செய்து விற்றவர். 1967-இல் கார்சிகாவில் நடந்த உலகப் போட்டியில் குவிக்-ஃப்ளை என்ற அழகான விமானத்தை ஓட்டி ஜெயித்தவரும் அவரே. அந்த மனிதரை இன்று அதிகம் பேர் நினைவு வைத்திருப்பது அவலட்சணம் என்று அவரே பெயர் சூட்டிய ஒரு குச்சிக்காக. பிறகு ஆளாளுக்கு ஒரு ஸ்டிக் போட்டார்கள். மிட்வெஸ்ட் கம்பெனி 'சின்ன' ஸ்டிக் போட்டது, கிராப்னர் 'நடு' ஸ்டிக் போட்டது, கிரேட் பிளேன்ஸ் கம்பெனி 'பெரிய' ஸ்டிக் போட்டது. பெரியவருடையது இதில் எதுவும் இல்லை என்பது என் முடிவு. ஓரங்களில் பென்சில் கோடு இருந்தது. அவரேதான் வெட்டியிருக்கிறார், அவருக்கே ஞாபகம் இல்லை.

பெயர்களும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அயோவாவில் மான்டெசூமா என்ற சிற்றூரிலிருந்து வந்த சிக் கம்பெனி வரிசையாக 'க'-வில் பெயர் வைத்தது. கடெட், கவலியர், கூகர், கமாண்டர். இதில் எது எவரிடம் இருந்தது என்று ஐம்பது வருஷம் கழித்து யார் சொல்ல முடியும்? டாப் ஃப்ளைட் கம்பெனியில் ஸ்கூல்பாய், ஸ்கூல்மாஸ்டர், ஹெட்மாஸ்டர் என்று ஒரு பள்ளிக்கூடமே இருந்தது. ஹெட்மாஸ்டரை யாராவது தரையில் மோதி உடைத்தார் என்று கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம், அது வேறு கதை.

இப்போது ஃபால்கன். இதைச் செய்தவர் கார்ல் கோல்ட்பர்க். 1930-களின் கடைசியில் காமெட் கம்பெனிக்காக ஸிப்பர் என்ற விமானத்தை வடிவமைத்தபோதே பெயர் பெற்றவர், 1955-இல் சிக்காகோவில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஃபால்கன் 56 என்றால் இறக்கையின் நீளம் 56 அங்குலம். அதே முகஜாடையில் 69 அங்குலத்தில் சீனியர் ஃபால்கன், 37 அங்குலத்தில் ஜூனியர் ஃபால்கன். அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே அச்சு. பக்கத்தில் எதையும் வைக்காமல் எடுத்த புகைப்படத்தில் எது எது என்று சொல்வது கஷ்டம்தான்.

மூன்றாவது பெட்டியின் அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு சின்ன உடல் இருந்தது. ஒரு கையில் பிடித்துவிடலாம். முகர்ந்தேன், விளக்கெண்ணெய் ஜோராக வந்தது. மூக்கின் முன்பலகையில் நெருக்கமாக நான்கு சிறு துளைகள், அவற்றைச் சுற்றி வட்டமாக எண்ணெய்க் கறை. காக்ஸ் கம்பெனியின் பேப் பீ என்ஜின் உட்கார்ந்த இடம் என்று பார்த்ததுமே தோன்றியது. 0.049 கன அங்குலம், அதாவது 0.8 சிசி. அந்த என்ஜினின் பின்பக்கமே எண்ணெய்த் தொட்டி, தொட்டியை அப்படியே முன்பலகையில் திருகிவிடுவார்கள். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. கிளப்பினால் முழு வேகம், எண்ணெய் தீர்ந்தால் நிற்கும், அப்புறம் சும்மா மிதந்து இறங்க வேண்டியதுதான்.

இறக்கை உட்காரும் இடத்தின் வழியாக உள்ளே டார்ச் அடித்தேன். இந்த இடத்தில்தான் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. சுக்கானைத் திருப்பும் சர்வோ மோட்டார் உட்காரக் கட்டைகள் எதுவும் இல்லை. நடுவில் குறுக்குப் பலகை ஒன்று, அதில் பட்டன் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அங்கிருந்து வால் வரைக்கும் ஒரு மெல்லிய கம்பி. வால் பக்கம் ஒரு கொக்கி, அதில் ரப்பரின் மிச்சம், கருப்பாக இறுகி, தொட்டதும் தூளாக உதிர்ந்தது.

இது எஸ்கேப்மென்ட். இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், ஒரு விமானத்துக்குள் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அந்தக் காலத்தில் ஒரே ஒரு சேனல், அதாவது ரேடியோ வழியாக ஒரே ஒரு கட்டளைதான் அனுப்ப முடியும், தரையில் இருப்பவர் கையில் ஒரே ஒரு பொத்தான். ரேடியோ செய்வதெல்லாம் ஒரு சின்ன மின்காந்தத்தை இழுத்து விடுவது மட்டும்தான். சுக்கானைத் திருப்பும் பலம் ரேடியோவிடம் இல்லை, முறுக்கி வைத்த ரப்பரிடம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் காந்தம் ஒரு பல்லை விடும், ரப்பர் ஒரு படி சுற்றும், சுக்கான் திரும்பும். விட்டால் மறுபடி நடுவுக்கு வரும். ஒருமுறை அழுத்திப் பிடித்தால் வலது. அழுத்தி, விட்டு, உடனே மறுபடி அழுத்திப் பிடித்தால் இடது. மேலே கீழே போக வழியே இல்லை, திருப்பித் திருப்பி உயரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பறக்கவிடும் முன் ஒவ்வொரு தடவையும் வால் பக்கம் கொக்கியில் கைத்துளைக் கருவியை மாட்டி ரப்பரை முறுக்க வேண்டும். முறுக்க மறந்தால் விமானம் தன்பாட்டுக்குப் போய்விடும், கீழே நின்று பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அதற்குக் காது கேட்காது.

நான் சந்தேகப்பட்ட கிட்டின் திட்டப்படத்தை முழு அளவில் அச்சடித்துத் தரையில் விரித்து உடலை அதன்மேல் படுக்க வைத்தேன். கோட்டோடு கோடு பொருந்தியது. பெட்டியில் இருந்த சின்ன இறக்கையை அதன்மேல் வைத்தேன், ரிப்புகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஜூனியர் ஃபால்கன்.

பெரியவரை அழைத்துக் காட்டினேன். முகம் மலரும் என்று நினைத்தேன். "இது இல்லை" என்றார்.

"இதில் ஒற்றைப் பொத்தான் ரேடியோதான் இருந்திருக்கிறது, சார்."

"என் முதல் விமானத்தில் நாலு சேனல். ரேடியோ பெட்டியில் பிடித்து ஓட்ட இரண்டு குச்சி. இறக்கை இவ்வளவு நீளம்" என்று இரண்டு கைகளையும் விரித்தார். விரித்த கைகளுக்கு நடுவே ஒரு சோபாவே அடங்கும்.

நான் வாதாடவில்லை. ஆனால் ஷூ பெட்டியில் சக்கரங்களுக்கு அடியில் கொஞ்சம் ஸ்லைடு ஃபிலிம்கள் இருந்தன, வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன், காதெல்லாம் தெரியும்படி முடி வெட்டி, விமானத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். புல்லில் காலடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதில் நீளமான ஆண்டெனா, ஆண்டெனாவில் ஒரு பச்சை நாடா. அந்த நாடா அழகுக்கு இல்லை. 27 மெகாஹெர்ட்ஸில் ஆறு அலைவரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், பச்சை என்றால் 27.195. ஒரே நிறத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பெட்டியை முடுக்கினால் இரண்டு விமானமும் கோவிந்தா, அதனால் மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்படி கட்டுவார்கள். பெட்டியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குச்சி எதுவும் இல்லை. வலது மூலையில் ஒரே ஒரு பொத்தான்.

ஸ்லைடைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தார். பேசவில்லை. ஆனால் அவருடைய வலது கை நாற்காலியின் கைப்பிடி மேல் இருந்தது, கட்டைவிரல் அழுத்தியது. கொஞ்சம் பொறுத்து, டக் டக் என்று இரண்டு தடவை, இரண்டாவதை அப்படியே பிடித்துக்கொண்டது.

"இடது" என்றேன்.

"அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது," என்றார், "காற்று எப்போதும் அதை நோக்கித்தான் தள்ளும், எப்போதும் இடது பக்கம்தான் திருப்ப வேண்டியிருக்கும்." அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அப்பாவின் கைத்துளைக் கருவியைக் கேட்காமல் எடுத்தது, ரப்பர் காயாமல் இருக்க விளக்கெண்ணெய் தடவுவது, ஒருநாள் முறுக்க மறந்து சோளக்காட்டுக்குள் போய் இரண்டு நாள் தேடியது. நாலு சேனல், இரண்டு குச்சி, ஃபால்கன் 56 எல்லாம் அவர் வேலைக்குப் போன பிறகு வாங்கியதாம். இரண்டாவது பெட்டியில் எலி கடித்த இறக்கை இருந்ததல்லவா, அதை அளந்தால் 56. இரண்டு ஃபால்கனும் அவர் தலைக்குள் எப்போதோ ஒன்றாகிவிட்டிருந்தன.

முதல் விமானம் எது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அளவை ஒப்புக்கொள்ளவில்லை. டேப்பை எடுத்து அவர் முன்னாலேயே அளந்தேன், 37-க்கு ஒரு நூல் குறைவு. "இறக்கை நடுவில் மடங்கி மேலே தூக்கியிருக்கிறதே, அதைக் கணக்கில் சேர்த்தாயா?" என்றார். நியாயமான கேள்வி, முனைக்கு முனை நேராக அளப்பதற்கும் இறக்கையோடு ஒட்டி அளப்பதற்கும் வித்தியாசம் வரும், ஆனால் இவ்வளவு சின்ன இறக்கையில் அது அரை அங்குலம்கூட வராது. ஒட்டியும் அளந்து காட்டினேன். என் கையிலிருந்த டேப்பை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"எங்கே வாங்கினாய் இதை?" என்றார்.